கடற்கரையில் ஒரு பகற்சோறு

மொனராகலை நகரத்திலிருந்து கிழக்கு நோக்கிப் போகும் பெருந்தெருவில் பஸ் ஏறினால், சியம்பலாண்டுவையையும் லாகுகலைக் காட்டையும் கடந்து, சுமார் 70 கிலோமீற்றர் ஓடியபின் பொத்துவில் வரும். கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, கொஸ்லந்தை, வெல்லவாய என்று மலையைச் சுற்றிக்கொண்டு வரும் ஏ-4 வீதிதான் இது. பொத்துவிலில் அது வடக்கே திரும்பி அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் போய்விடுகிறது. நாம் அதனோடு திரும்பாமல் தெற்கே சிறிது தூரம் போனால் ஒரு பாலம். பாலத்துக்கு அப்பால் உல்லைக் கிராமமும் அறுகம்குடாவும். அங்கே மணலின் மீது ஓலைக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு மேசையில் உட்கார்ந்தால் கால் நனையும் தூரத்தில் அலை வந்து போகும்.

ஊவா மாகாணம் என்றதும் நேயர்களுக்குப் பனி மூட்டமும், நமுனுகுலை மலையும், தேயிலைக் கொழுந்தும் நினைவுக்கு வரலாம். கடல் நினைவுக்கு வராது. ஊவாவுக்குக் கடற்கரையே கிடையாது. ஆனால் நான் ஆசிரியராகப் பல வருடங்கள் கடமையாற்றிய மொனராகலையிலிருந்து கடல் இரண்டு மணித்தியாலப் பயணந்தான். நான் பிறந்த பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பார்த்தாலும் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். அப்படியிருந்தும், என் சிறு பராயத்தில் எங்கள் லயத்தின் இருபது காம்பிராக்களிலும் கடலைக் கண்ணால் கண்டவர்கள் இரண்டு கிழவர்களே. அவர்களும் அதைக் கண்டது ஒரே ஒரு தடவை, இந்தியாவிலிருந்து வந்தபோது.

கடல் தாண்டி வந்த ஒரு சமூகம், கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில், நூறு வருடத்துக்கு மேலாக வாழ்ந்தது. அதன் கரையில் உட்கார்ந்து ஒருவேளைப் பகற்சோறு உண்ண அதற்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது? "காசில்லை, லீவில்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அதுவும் உண்மைதான். ஆனால் சோற்றுக் கோப்பையில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, நீ எந்த வழியாக வந்தாய் என்று கேட்டால் வேறு சில பதில்களும் கிடைக்கின்றன.

உப்பிலிருந்து தொடங்குவோம். ஊவாவின் சட்டிக்குக் கடலிலிருந்து முதலில் ஏறிவந்தது அதுதான்.

கண்டி இராச்சியக் காலத்தில் ஊவாவும், அதன் கிழக்கே இன்றைய மொனராகலை மாவட்டத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கிய வெல்லஸ்ஸவும் தனித்தனித் திசாவைகளாக இருந்தன. மலைநாட்டில் நெல் விளையும், குரக்கன் விளையும், பாக்கு விளையும், உப்பு விளையாது. 1660 இல் மூதூர்ப் பக்கத்தில் பிடிபட்டு ஏறத்தாழ இருபது வருடம் கண்டி நாட்டில் சிறையிருந்த றொபட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தமது நூலில், கிழக்குப் பக்கத்துக் கரையிலிருந்து உப்பு வந்ததைச் சொல்லியிருக்கிறார். பின்னர் 1766 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனை ஓர் உடன்படிக்கைக்கு இணங்கவைத்தார்கள். அதன்படி தீவைச் சுற்றியுள்ள கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. மலைநாட்டரசுக்கு ஓர் அங்குலக் கடற்கரையும் மிஞ்சவில்லை. உப்பள்ளிக்கொள்ளும் அனுமதி மட்டும் அரசனின் குடிகளுக்கு விடப்பட்டது. கடல் வேறொருவனுடையது, உப்பு மாத்திரம் உனக்கு என்ற இந்த ஏற்பாடு, பின்னால் தோட்டத்துச் சனங்களுக்கும் அப்படியே பொருந்திப் போனதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது.

இந்த உப்பைச் சுமந்து ஏறியவை தவள மாடுகள். முதுகின் இருபுறமும் பொதி தொங்க, வரிசையாகக் காட்டுப் பாதையில் நடக்கும் மாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். மலையிலிருந்து பாக்கும் தானியமும் இறங்கின. கரையிலிருந்து உப்பும் கருவாடும் சீலையும் ஏறின. இத்தொழிலில் முன்னின்றவர்கள் முஸ்லிம்கள். போக்குவரத்துக்குப் பொறுப்பான மடிகே என்ற பகுதியே கண்டி ஆட்சியில் இருந்தது. இன்றும் மொனராகலை மாவட்டத்தில் பக்கினிகஹவெல போன்ற முஸ்லிம் கிராமங்களில் வீட்டுக்குள் தமிழ் ஒலிக்கிறது. சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள் இருக்க, நடுவே இவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்டால், பதிலில் தவளம் வராமற் போகாது. அந்த ஊர்ப் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் இருந்தார்கள். "எங்கட மூத்தவாப்பாமார் மாட்டோட வந்தவங்க, சேர்" என்று ஒரு மாணவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

1817 – 18 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியைப் பற்றிப் பாடப் புத்தகங்களில் எல்லோரும் படித்திருக்கிறோம். கெப்பெட்டிப்பொல திசாவ பிரித்தானியர் சார்பில் கிளர்ச்சியை அடக்கப் போய், கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்துகொண்டதும், 1818 நவம்பர் 26 ஆம் திகதி கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டதும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் கிளர்ச்சி மூண்ட காரணங்களுள் ஒன்று இந்த உப்புப் பாதையைச் சேர்ந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெல்லஸ்ஸவின் மடிகே முகாந்திரமாக ஹஜ்ஜி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒருவரைப் பிரித்தானியர் நியமித்தார்கள். தவளத்துக்காரர் அதுவரை திசாவையின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தவர்கள். புதிய நியமனம் திசாவையின் கையிலிருந்த அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டது. மனக்கசப்பு முற்றியது. விசாரிக்கச் சென்ற பதுளை உதவி ரெசிடென்ட் சில்வெஸ்டர் வில்சன் 1817 இல் கொல்லப்பட்டார். தேசாதிபதி பிரவுண்ரிக்கின் படைகள் ஊவாவுக்குள் புகுந்தபோது வீடுகள் எரிந்தன, வயல்கள் அழிந்தன, குளங்களும் வாய்க்கால்களும் பாழாயின, மாடுகள் கொல்லப்பட்டன.

மாடுகள் கொல்லப்பட்டன என்ற இடத்தில் நாம் கொஞ்சம் நிற்கவேண்டும். மாடு செத்தால் உழவு இல்லை, பால் இல்லை என்று மட்டும் நினைக்கிறோம். கரைக்குப் போக மாடு இல்லையென்றால் உப்பும் இல்லை. இலட்சம் வயல்கள் என்று பொருள்படும் பெயரைக் கொண்ட வெல்லஸ்ஸ, அதன் பின்னர் நெடுங்காலம் காடாகவும் சேனையாகவும் கிடந்தது. தோட்டங்கள் பிற்பாடு வந்தது இப்படி வெறுமையாக்கப்பட்ட ஒரு நாட்டுக்குள்தான். எங்கள் பாட்டன் பூட்டன்மாரைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் இதை அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர் எங்களைப் பார்த்த பார்வையில் இருந்த கசப்பில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பது, இந்தச் சரித்திரத்தைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

கோப்பி வந்தது, 1869 இல் கண்ட இலைநோயால் அது போனது, தேயிலை வந்தது. தோட்டங்களுக்காகப் போட்ட பாதைகள் எல்லாம் மேற்கே கொழும்புத் துறைமுகத்தைப் பார்த்தே இறங்கின. ரயில் 1894 இல் பண்டாரவளைக்கும், 1924 இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டி எந்த வழியில் இறங்கியதோ அந்த வழியிலேயே அரிசி மூட்டையும் கருவாட்டுச் சாக்கும் ஏறின. கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிற்பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். கிழக்கே அதில் பாதித் தூரங்கூட இல்லாத இடத்தில் கடல் கிடக்க, எங்கள் தோட்டத்துக் கடைக்குக் கருவாடு புறக்கோட்டையிலிருந்து மலையெல்லாம் சுற்றி வந்தது. கிழக்குப் பாதை அடியோடு செத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மட்டக்களப்புக்கு வடக்கே செங்கலடிச் சந்தியில் பிரிந்து மலைக்கு ஏறும் வீதியை அங்குள்ளவர்கள் இன்றும் 'பதுளை வீதி' என்றே அழைக்கிறார்கள். ஆனால் பெரிய வியாபாரம் கொழும்பின் கையில் இருந்தது.

உப்பும் அப்படித்தான். அது அரசாங்கத்தின் தனியுரிமை ஆயிற்று. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ஃப், உப்பளங்களில் உப்பு அள்ளுவிப்பதைத் தம் கடமைகளுள் முக்கியமானதாகக் கருதி எழுதிவைத்த நாட்குறிப்புகள் அச்சில் வந்திருக்கின்றன. பிற்காலத்தில் இங்கிலாந்தில் பெரிய எழுத்தாளராக விளங்கிய அந்த மனிதர், வெயிலில் நின்று உப்பு மூட்டை எண்ணியவர். கடல் இலவசமாகத் தரும் பொருளுக்கு அரசாங்கம் வைத்த விலை, அள்ளும் செலவைப் போல் பல மடங்கு. இந்தியாவில் காந்தியடிகள் 1930 இல் தண்டிக் கடற்கரையில் குனிந்து ஒரு பிடி உப்பை எடுத்தபோது, இங்கே எங்கள் தோட்டங்களில் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் எடுப்பதற்கு அவர்கள் அருகே கடல் இல்லை.

இனிச் சோற்றுக்கும் கறிக்கும் வருவோம்.

எங்கள் முன்னோர் தொடக்கத்தில் தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே காட்டுக்குள் நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள். வழியில் கொலராவிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். பிறகு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் வந்தது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பற் சேவை ஆரம்பமாயிற்று. என் தாத்தா வந்தது அதில். மலையகத் தமிழரின் இருநூறு வருடங்களை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் சென்றவர்கள், அந்த முதற் பாதையையே மீண்டும் மிதித்தார்கள். தாத்தாவிடம் கடலைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்வது மிகக் கொஞ்சம். மண்டபம் முகாமில் உடம்பில் மருந்து தெளித்ததையும், கப்பலில் வாந்தி எடுத்ததையும், தலைமன்னாரில் இறங்கியதும் முதலில் கொடுத்த சோற்றையும் சொல்வார். கடல் என்ன நிறம் என்று கேட்டபோது, "யாரு பாத்தா?" என்றார்.

தோட்டத்தில் சம்பளத்தோடு சேர்ந்தே அரிசி போடப்பட்டது; அதன் விலை செக்ரோலில் கழிந்தது. மிளகாய், கொத்தமல்லி, கருவாடு எல்லாம் கடைக் கணக்கில், பல இடங்களில் கங்காணியின் கணக்கில், ஏறின. வாங்கித் தின்ற கடனே ஒருவன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகமுடியாமல் கட்டிவைத்த கயிறு. கடனை எழுதிய கடதாசிக்குத் 'துண்டு' என்று பெயர். 1921 இல் சட்டம் அதை ஒழித்தது. கடன் ஒழிந்தது என்று யாரும் எண்ணவேண்டாம்.

அந்தக் கணக்கில் கருவாட்டுக்கு என்று ஓர் ஒழுங்கு இருந்தது. சம்பளம் போட்ட வாரம் கட்டாக் கருவாடு, அடுத்த வாரம் நெத்தலி, மாதக் கடைசியில் நெத்தலித் தலையைச் சுட்டு உரலில் இடித்த சம்பல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிறு துண்டு மாசி. அம்மா அதைத் துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டிருப்பார். பருப்புக்கும் கீரைக்கும் ஒரு சுரண்டல்.

மாசியின் கதை உலகளாவியது. மாலைதீவில் சூரை மீனைப் பிடித்து, துண்டு போட்டு, அவித்து, புகை போட்டு, வெயிலில் கட்டைபோலக் காயவைப்பார்கள். 14 ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த இபுனு பதூதா, இந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் போனதை எழுதியிருக்கிறார். மாசி என்ற சொல்லும் மீனைக் குறிக்கும் அவர்களது 'மஸ்' என்ற சொல்லிலிருந்து வந்ததே. மாலைதீவின் பாய்க்கப்பல்கள் பல நூற்றாண்டுகளாகக் கொழும்புக்கும் காலிக்கும் மாசி கொண்டுவந்து, அரிசியும் துணியும் கொண்டுபோயின. குளிர் மலையில் கெடாமல் மாதக்கணக்கில் இருக்கும், கொஞ்சம் போட்டாலே ருசிக்கும், சோற்றுக்கும் ரொட்டிக்கும் ஒத்துப்போகும். தோட்டத்துச் சமையலுக்கென்றே பிறந்தது போன்ற பொருள் அது.

ரொட்டி எப்போது வந்தது என்று இன்றைய பிள்ளைகள் கேட்பதில்லை; ஆதியிலிருந்தே உண்டதாக நினைக்கிறார்கள். 1942 மார்ச்சில் யப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது, கூடவே கோதுமை மா வந்தது. அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. முதன்முதலில் கிடைத்த மாவை என்ன செய்வதென்று தெரியாமல் லயத்தில் கூழாகக் காய்ச்சினார்களாம். பிறகு தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிசைந்து தகரத்தில் சுடப் பழகினார்கள். யுத்தம் முடிந்தது, ரொட்டி போகவில்லை. காலையில் பெரட்டுக்கு ஓடும் தாய்க்கு ரொட்டியும் சம்பலும் போல வசதியான கட்டுச்சாதம் வேறு இல்லை.

இதே காலத்தில் துரைமாருக்கும் ஒரு கடல் இருந்தது. கொழும்பில் கோல்பேஸ் ஹோட்டல் 1864 இலேயே திறந்தாயிற்று. மலைக் குளிரில் சலித்த துரை கடற்காற்று வாங்கக் கல்கிசைக்கும் காலிமுகத்துக்கும் போவார். வழியெங்கும் அரசாங்க வாடிவீடுகள் இருந்தன. கடலைப் பார்த்தபடி மேசையில் உட்கார்ந்து பகலுணவு உண்பது என்ற வழக்கம் நம் நாட்டில் அப்படித்தான் நிலைபெற்றது. அந்த மேசையில் சோறும் கறியும் பரிமாறிய அப்பு, தோட்டத்து லயத்தில் பிறந்தவராக இருந்தால், அவர் ஒருவேளை கடலைக் கண்டிருக்கக்கூடும்.

1948 இல் பிரஜாவுரிமை போனது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 1,50,000 பேரின் கணக்கு பிறகு என்று எங்களைப் பிரித்தது. அந்த மிச்சத்தை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதங்கூட ஆகாமல், டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் அதன்பின் இராமேஸ்வரத்துக்குப் போனது. பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் புறப்பட்ட ரயில்களுக்கு எங்கள் சனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். அம்மாவின் அக்கா குடும்பம் அப்படித்தான் போயிற்று. அம்மா பதுளை ஸ்டேஷன்வரை போய்த் திரும்பினார். திரும்பி வந்து அன்றைக்கே கொழுந்தெடுக்கப் போனார் என்று அப்பா சொல்வார். 1984 இல் யுத்தம் காரணமாகக் கப்பலும் நின்றது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது.

இடையில் 1970 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மாசி இறக்குமதி சுருங்கிற்று. மாலைதீவார் தங்கள் மீனைப் பச்சையாக யப்பானியக் கப்பல்களுக்கு விற்கப் பழகினார்கள். தோட்டங்களில் 1973, 74 ஆம் ஆண்டுகளில் மாவுக்கும் பஞ்சம் வந்து, பட்டினியால் மரணங்கள் கூடின. எங்கள் பரணில் தொங்கிய முடிச்சு அப்போது வெறுந்துணியாகத் தொங்கியது. அம்மா அதை அவிழ்க்கவில்லை. கொதிக்கும் கீரைக்குள் அந்தத் துணியை ஒருதரம் தோய்த்து எடுப்பார். வாசத்துக்கு.

அறுகம்குடா என்ற பெயர் வெளிநாட்டு இளைஞர்களின் வாயில் புகுந்ததும் அதே எழுபதுகளில்தான். அலைமீது பலகையில் சறுக்குவதற்கு உலகில் சிறந்த இடங்களில் ஒன்று அது என்று கண்டு அவர்கள் வந்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் கலக்கும் மே முதல் ஒக்டோபர்வரை, கிழக்கே வானம் தெளிந்திருக்கும். அதுதான் அங்கே 'சீசன்'. உல்லையின் மீனவக் குடும்பங்கள் தங்கள் முற்றத்தில் ஓலைப் பந்தல் போட்டுச் சோறு விற்கத் தொடங்கின. ஆனால் யுத்தம் வந்தது. லாகுகலைப் பாதையில் சோதனைச் சாவடிகள் வந்தன. அடையாள அட்டை இல்லாமல் அந்த வீதியில் ஒரு தமிழன் போய்வர முடியாது. எங்கள் தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டையும் இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கானோர். கடல் 70 கிலோமீற்றரில் இருந்தது என்று மேலே சொன்னேனே, அதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் தானே உள்ளே வந்தது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000 க்கும் மேல். உல்லை நசுங்கிப் போயிற்று, பாலம் சேதமடைந்தது. புதிய பாலம் 2008 இல் திறக்கப்பட்டது. அடுத்த வருடம் யுத்தம் முடிந்தது.

நான் அம்மாவை அங்கே அழைத்துப்போனது 2012 ஓகஸ்ட் மாதத்தில். அவருக்கு வயது 76. வேன் பாலத்தில் ஏறியதும் என் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. கடைக்குள் போனதும் மேசையைச் சுற்றிப் பார்த்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கமா உக்காருங்கம்மா, நல்லாத் தெரியும்" என்றேன்.

"எனக்கு வேணாம். இந்தத் தண்ணிமேலதானே எங்கக்கா போச்சு."

அக்கா போனது தலைமன்னார்க் கடல். இது தீவின் மறுபக்கம். நான் திருத்தப் போகவில்லை.

கடைக்காரர் நாற்பது வயதுடைய உல்லைக்காரர். ஆழிப்பேரலையில் இருந்த கடையையும் இழந்து, மீண்டும் பலகை பொறுக்கிக் கட்டியவர். சோறு, பாரைமீன் ஆணம், கணவாய்ப் பொரியல், பருப்பு, கத்தரிக்காய், தேங்காய்ச் சம்பல் எல்லாம் வந்தன. மீன் அன்று காலையில் கரைவலையில் பட்டது. "உம்மா, இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தட்டா?" என்று அவர் அம்மாவைக் கேட்டார். அம்மா "போதும் மொதலாளி" என்றார். தோட்டத்தில் வாழ்ந்தவருக்குக் கடை வைத்திருப்பவர் எல்லாரும் முதலாளிதான், மகன் வயதானாலும்.

மீனை ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கினார். பச்சைமீன் வாடை அவருக்கு ஒத்துவரவில்லை. பருப்பைத் தொட்டதும் முகம் மாறியது. "மாசி போட்டிருக்கு" என்றார். அதன்பிறகு பருப்பும் சம்பலும் மட்டும் ஊற்றி இரண்டு தரம் சோறு வாங்கினார். என் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். கடற்கரைக்கு வந்து பருப்பா என்று.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவத் திரும்பியபோது, தூரத்தில் கரைவலை இழுப்பதைக் கண்டுவிட்டார். இருபது இருபத்தைந்து பேர், இரண்டு வரிசையாக, குரல் கொடுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார்கள். அம்மா நின்று பார்த்தார். கடலைப் பார்த்தாரா, ஆட்களைப் பார்த்தாரா தெரியாது. "இவங்களுக்கும் கங்காணி உண்டா?" என்று கேட்டார். வலைக்கும் தோணிக்கும் உரிய சம்மாட்டி இருக்கிறார், பிடிபட்டதில் பங்கு பிரிப்பார்கள், முற்பணம் வாங்கியவன் அந்தக் கடன் தீருமட்டும் அதே வலையில்தான் இழுக்கவேண்டும் என்று கடைக்காரர் விளக்கினார். "அப்ப துண்டுதான்" என்றார் அம்மா. கடைக்காரருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை.

எங்களுக்குப் பரிமாறிய பையன் அதுவரை பேசாமல் நின்றான். துண்டு என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவிடம் வந்து, "பாட்டி, எந்தத் தோட்டம்?" என்றான். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். சீசன் ஆறு மாதமும் இங்கே வேலை, மழை தொடங்கினால் லயத்துக்குத் திரும்புவான். அவனைப்போல இன்னும் சிலர் பக்கத்துக் கடைகளில் இருப்பதாகச் சொன்னான். 2011 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 380 ரூபா. கொடுப்பனவுகள் எல்லாம் முழுதாகச் சேர்ந்தால் 515. அடுத்த மேசையில் வெள்ளைக்காரருக்கு வைத்த நண்டுக் கோப்பையின் விலை அதைவிட அதிகம். (1,000 ரூபாவுக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் நண்டின் விலை எங்கோ போய்விட்டது.) "அங்க கொழுந்தெடுத்தா அம்மாவுக்கு மட்டும் காணும் பாட்டி, இங்கன்னா தங்கச்சி படிக்கலாம்" என்றான் அந்தப் பையன். தங்கை உயர்தர வகுப்பில் படிக்கிறாளாம். அம்மா அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவன் முதலாளியைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகு உட்கார்ந்தான். என்ன சமைப்பாய், எங்கே படுப்பாய், அலை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவாய் என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு மாத்திரம் அவனிடம் சரியான பதில் இருந்தது. பாலத்துக்குப் போகாமல் தெற்கே உள்ள மேட்டுக்கு ஓடவேண்டும் என்று முதலாளி சொல்லித் தந்திருந்தார்.

புறப்படும்போது அவன் வாழைச்சருகில் சுற்றி, கடதாசியில் கட்டிய ஒரு பொதியைக் கொண்டுவந்தான். இரண்டு கிலோ கட்டாக் கருவாடு, பொத்துவிலில் வாங்கியது. லுணுகலைச் சந்தியில் உள்ள தேத்தண்ணிக் கடையில் கொடுத்தால் அவன் தாய்க்குப் போய்ச் சேரும் என்றான். எங்களுக்கு அது சுற்றுவழி. நான் யோசிப்பதற்குள் அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

லாகுகலை தாண்டுவதற்குள் வேன் முழுவதும் கருவாட்டு வாடை. சாரதி முணுமுணுத்துக்கொண்டு கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டார். சியம்பலாண்டுவையில் தேநீருக்கு இறங்கியபோதும் அம்மா பொதியை ஆசனத்தில் வைக்காமல் கையோடு எடுத்துக்கொண்டே இறங்கினார். லுணுகலைச் சந்திக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடை பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்து, தோட்டத்துப் பாதையில் இன்னும் சில மைல் ஏறி, அந்தத் தாயின் கையிலேயே கொடுத்துவிட்டு வீடு திரும்ப இரவு பதினொரு மணி ஆகிவிட்டது.